வேலை இருக்கிறது, நிலை இருக்கிறதா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவருக்கும், எதிரணி நண்பர்களுக்கும், காணும் பொங்கலன்று மோர்தானா அணைக்கும் வேலூர்க் கோட்டைக்கும் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் குடியாத்தம் மக்களுக்கும் என் வணக்கம்.

வேலையையும் வருமானத்தையும் நினைக்கும்போது இன்றைய இளைஞர்களிடம் மேலோங்கி நிற்பது நம்பிக்கையா, கவலையா? இதுதான் தலைப்பு. கவலையே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி மூன்று விஷயங்களைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நம் பக்கத்தில் கம்பெனிகள் வந்துகொண்டே இருக்கின்றன என்றார். பிள்ளைகள் படிக்க அரசே பணம் கொடுக்கிறது என்றார். இருபத்திரண்டு வயதுப் பையன்கூடச் செல்போனிலேயே முதலீடு செய்கிறான் என்றார். இத்தனையும் இருக்கும்போது கவலைப்படுகிறவன் உழைக்கப் பயந்தவன் என்று முடித்தார்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன் தம்பி. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்கு வலித்தது. முதலில் அதற்கு வருகிறேன்.

நான் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் உட்காரும் பெண்களில் சிலர், இரவில் அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றிவிட்டுக் காலையில் முதல் பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறவர்கள். சனி, ஞாயிறுகளில் சமையல்காரரோடு கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகும் பையன்கள் இருக்கிறார்கள். படிப்பு முடிந்தவர்கள் எங்கே என்று கேட்கிறீர்களா? விடிவதற்கு முன்னால் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் போய் நில்லுங்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். உள்ளே பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காட்பாடியில் விடியற்காலை ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே சென்னைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் வேன் வந்து நிற்காத கிராமம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. இவர்களா உழைக்கப் பயந்தவர்கள்?

நடுவர் ஐயா, இவர்களிடம் நான் பார்க்கும் கவலை வேலை கிடைக்குமா என்பதல்ல. வேலை கிடைக்கிறது. கிடைத்த வேலை அடுத்த வருஷம் இருக்குமா, அதை நம்பி ஒரு வீடு, ஒரு கல்யாணம், ஒரு குழந்தை என்று யோசிக்கலாமா என்பதுதான் கவலை. வேலை இருக்கிறது, நிலை இல்லை. இன்று நான் பேசப் போவதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

நம் கண்ணெதிரே இருக்கும் ஒரு வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1980-களில் ராணிப்பேட்டையில் மத்திய அரசின் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை வந்தது. ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் உள்ளே போனார்கள். ஒருவர் உள்ளே போனால் அந்தக் குடும்பமே நிமிர்ந்தது. டவுன்ஷிப்பில் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரி, ரிட்டயர் ஆனால் கையில் ஒரு தொகை. தம்பியைப் படிக்க வைத்தார், தங்கைக்குக் கல்யாணம் செய்தார், வாலாஜாவிலோ முத்துக்கடையிலோ ஒரு மனை வாங்கிப் போட்டார். அவருக்கு முதல் மாதச் சம்பளம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இருபது வருஷம் கழித்துத் தான் எங்கே இருப்போம் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் அவரைக் கடன் வாங்கவும், கட்டவும், கனவு காணவும் வைத்தது. இந்தச் சபையில் அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள். நீங்கள் அப்படி வந்தவர்கள்தான். உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வேலை உங்களுக்கு இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது என்னிடம் படித்த ஒரு பையன் கதை. பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. பி.காம். முடித்ததும் ஒரு கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்தான். முதல் வாரத்திலிருந்தே உற்பத்தி லைனில் நிற்கிறான். பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி என்ன செய்கிறாரோ அதையேதான் இவனும் செய்கிறான். பயிற்சிக் காலம் முடிந்தது, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த கம்பெனி. அங்கேயும் பயிற்சியாளர். அதற்கும் அடுத்தது கான்ட்ராக்டர் மூலமாக. அடையாள அட்டையில் கான்ட்ராக்டர் பெயர், கேட்டில் கம்பெனி பெயர். இருபத்தேழு வயதில் அவன் என்னைப் பார்க்க வந்தபோது, "மிஸ், எனக்கு அனுபவம் இருக்கு, ஆனா எந்தக் கம்பெனியும் நான் அவங்க ஆளுன்னு சொல்லாது" என்றான்.

இது சட்டத்துக்கு உள்ளேயே நடக்கிறது, அதைக் கவனியுங்கள். அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர் என்பவர் தொழிலாளி அல்ல. அதனால் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம், அவருக்குக் கட்டாயமில்லை. ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள வருகிறவருக்காக எழுதிய சட்டம் அது, அந்த நோக்கம் நல்லதுதான். ஆனால் கற்றுக்கொண்ட பிறகும் திரும்பத் திரும்பப் பயிற்சியாளராகவே ஒருவனை வைத்திருந்தால், அவன் இளமை முழுவதும் அந்தச் சட்டத்தின் இடுக்கில் போய்விடுகிறது.

வாடகை வீட்டுக்குப் பதினோரு மாத அக்ரிமெண்ட் போடுவோம், தெரியும்தானே? அந்த வீட்டில் ஆணி அடிக்க யோசிப்போம், பின்பக்கம் முருங்கை நட மாட்டோம். நம் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையில் அப்படித்தான் குடியிருக்கிறார்கள்.

பெண் பார்க்கப் போகிற இடத்தில் இதெல்லாம் எப்படி வெளியே வருகிறது என்று உங்களுக்கே தெரியும். "பையன் இன்னா பண்றான்?" "கம்பெனியில இருக்கான்." "பர்மனெண்டா, கான்ட்ராக்டா?" அதோடு காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். முன்பெல்லாம் ஜாதகம் பொருந்தவில்லை என்று நின்றுபோன சம்பந்தங்கள் இப்போது அந்த ஒரு கேள்வியில் நிற்கின்றன. பேங்கில் வீட்டுக் கடன் கேட்டுப் போனாலும் அதே கேள்வி. ஊரே அவனைப் பார்த்து உன் வேலை நிலைக்குமா என்று கேட்கும்போது, அவன் மட்டும் தன்னைப் பார்த்து அதைக் கேட்கக் கூடாதா?

எதிரணித் தம்பி பி.எஃப். இருக்கிறதே, பென்ஷன் வருமே என்றும் சொன்னார். வணிகவியல் ஆசிரியையாக இதற்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும், நடுவர் மன்னிக்கவும். பி.எஃப். பென்ஷன் வாங்குவதற்குக் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும். ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம், இன்னொன்றில் ஒன்றரை வருஷம் என்று இருந்தாலும் கணக்கை மாற்றிக்கொண்டே போனால் அந்த வருஷங்கள் சேரும். ஆனால் நடப்பது என்ன? வேலை போனதும் கையில் காசில்லை. அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டு வாடகை, அம்மாவுக்கு மாத்திரை. பி.எஃப். பணத்தையும் எடுக்கிறான், பென்ஷன் பங்கையும் எடுத்துவிடுகிறான். சர்வீஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. எடுக்காதே என்று நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி அனுப்புகிறேன். எடுக்காமல் எப்படி மிஸ் இருக்கிறது என்று அவர்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. அப்படியே 10 வருஷம் சேர்த்தாலும் அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். அந்த ஆயிரத்தை எண்ணி ஒருவன் முதுமையை நம்பிக்கையோடு பார்க்க முடியுமா?

சரி, தம்பியின் முதல் வாதத்துக்கு வருகிறேன். கம்பெனிகள் வருகின்றன. உண்மைதான், அதை மறுக்க நான் வரவில்லை. பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாயில் கார் தொழிற்சாலை கட்ட 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 5,000 பேருக்கு வேலை என்றார்கள். அதே பனப்பாக்கத்தில் காலணித் தொழிற்சாலைக்கும் அந்த ஆண்டு டிசம்பரில் அடிக்கல் விழுந்தது. வரட்டும், இன்னும் பத்து வரட்டும். நம் ஊர்ப் பையன் விடியற்காலை பஸ் பிடித்து ஒரகடம் போகாமல் அரை மணி நேரத்தில் வேலைக்குப் போவான் என்றால் அதைவிட எனக்கு என்ன சந்தோஷம்? ஆனால் அந்தக் கேட்டுக்குள் அவன் எந்த அட்டையைப் போட்டுக்கொண்டு போவான் என்பதுதான் என் கேள்வி. 5,000 வேலை என்று கேட்டதும் நாம் பெல் காலத்து வேலையை நினைத்துக்கொள்கிறோம். இன்றைய பிள்ளை தான் பார்த்த கான்ட்ராக்ட் வேலையை நினைக்கிறான்.

இளைஞர்கள் மனதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்குப் போதும். 2025 ஜூலையில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு நடந்தது. அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். 2024-ல் நடந்த தேர்வில் 6,244 இடங்களை அறிவித்தார்கள், அதற்கு ஏறக்குறைய 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஒன்றும் கலெக்டர் வேலை இல்லை ஐயா. வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர், தட்டச்சர். இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. தேர்வுக்குத் தேவை பத்தாம் வகுப்பு. ஆனால் என்ஜினீயரிங் முடித்தவர்கள் எழுதுகிறார்கள், எம்.எஸ்சி. முடித்தவர்கள் எழுதுகிறார்கள். வேலூரிலும் காட்பாடியிலும் கோச்சிங் சென்டர் வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். இவர்கள் சம்பளத்துக்காகவா அலைகிறார்கள்? எதிர்காலத்தை நம்புகிற ஒரு தலைமுறை, மூவாயிரத்துச் சொச்சம் நாற்காலிகளுக்காகத் தன் இருபதுகளில் நான்கைந்து வருஷத்தை எழுதி வைக்குமா? அவர்களுக்கு வேண்டியது நாளைக்கு என்னை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள் என்ற ஒரே உறுதி.

அரசு வேலையிலாவது அந்த உறுதி முழுசாக இருக்கிறதா? என்னைப் பற்றியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வாதத்துக்கு நானே சாட்சி. நான் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம், வருஷத்துக்கு 11 மாதம். மே மாதம் சம்பளம் கிடையாது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் என்னைப் போல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாடம் நடத்துகிறார்கள். 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய அந்தத் தேர்வு தள்ளிப்போனது. தள்ளிப்போன ஒவ்வொரு மாதமும் எங்களுக்கு வயதும் கூடிக்கொண்டே போனது. இதை நான் பரிதாபம் தேடிச் சொல்லவில்லை. நன்றாகப் படித்தால் நல்லா இருப்பாய் என்று தினமும் சொல்கிறவள் நான். அதைக் கேட்கிற பிள்ளைகள் என்னையும் பார்க்கிறார்கள். "மிஸ், நீங்க இவ்வளவு படிச்சும் பர்மனெண்ட் இல்லையா?" என்று முதலாமாண்டு மாணவி ஒருத்தி ஒளிவு மறைவில்லாமல் கேட்டாள். அவள் மரியாதை தெரியாதவள் அல்ல. தன் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான்.

படித்தால் கவலை குறையும் என்பது நம் வீடுகளில் காலம் காலமாக இருக்கும் நம்பிக்கை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் இந்தியாவின் வேலைவாய்ப்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. 2022-ல் இந்திய இளைஞர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வேலையின்மை 3.4 சதவீதம். பட்டம் வாங்கியவர்களிடம் 29.1 சதவீதம். திரும்பச் சொல்கிறேன், பட்டம் வாங்கியவர்களிடம்தான் 29.1. படிக்காதவர்கள் வசதியாக இருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களால் ஒருநாள்கூடச் சும்மா இருக்க முடியாது, கிடைத்ததைச் செய்கிறார்கள். படித்தவன் படிப்புக்கு ஏற்ற வேலைக்குக் காத்திருக்கிறான். கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பா எதிரில் உட்கார்ந்து காத்திருக்கிறான். அந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு எப்படி இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தம்பியின் இரண்டாவது வாதம், அரசு உதவி. கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். மாதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரம் இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருக்கக் கூடிய பெண்களை எனக்குத் தெரியும். 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேருகிறவர்கள் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இதில் எனக்குப் பெருமை உண்டு. எதிரணிக்கு இந்த இடத்தை நான் முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன். கல்லூரி வாசல்வரை நம்பிக்கைதான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் மூன்றாம் ஆண்டு கடைசிப் பருவத்தில் அந்த முகங்களை வந்து பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கவலை இரண்டு மடங்கு. வேலை கிடைத்தால் மட்டும் போதாது. ஹாஸ்டல் எப்படி, இரவு ஷிஃப்ட் உண்டா, வண்டி வீட்டு வாசல்வரை வருமா என்று அப்பா கேட்பார். கேட்கத்தான் செய்வார், பெற்றவர் இல்லையா? பதில் சரியாக இல்லையென்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பெண்ணுக்குத் தன் காலில் நிற்க இருக்கும் அவகாசம் கல்லூரி முடிந்து ஓராண்டோ இரண்டாண்டோதான். அதற்குள் நிலையான ஒரு வேலை அமையவில்லையென்றால் அவள் படிப்பு கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு எழுத்தோடு முடிந்துவிடும். அந்தக் கவலையோடு என்னிடம் அழுத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நம்பிக்கையோடு இரு என்று மட்டும் சொல்லிவிட்டு வர என்னால் முடியாது.

நம் பகுதியின் தோல் தொழிலைப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எத்தனை ஊர் அதை நம்பி இருக்கிறது! ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது. அந்த அறிவிப்புக்கும் பேரணாம்பட்டில் ஷூவுக்குப் பசை ஒட்டும் பேஸ்டிங் வேலை செய்யும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஆர்டர் குறைந்தால் முதலில் குறைவது அவள் ஓவர்டைம், அப்புறம் அவள் நாள்கள். ஏழு கடல் தாண்டி யாரோ போடும் கையெழுத்தில் அவள் வீட்டு அரிசி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். இது தெரிந்த பிறகும் கவலைப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முன்பு வேலை போனால் ஊருக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, பாலாற்று ஊற்று. தோல் கழிவு அந்த ஆற்றையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கு. 1996-ல் தீர்ப்பு வந்தது, மாசு செய்கிறவரே நஷ்ட ஈடு தர வேண்டும் என்று. தீர்ப்பு வந்தது, பல கிணறுகள் திரும்பி வரவில்லை. இன்றைய இளைஞனுக்குச் சாய்ந்துகொள்ள அந்தத் திண்ணையும் இல்லை.

மூன்றாவது வாதம், செல்போன் முதலீடு. மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடும் பிள்ளைகளை நான் மனதாரப் பாராட்டுகிறேன், வகுப்பில் சொல்லியும் கொடுக்கிறேன். ஆனால் தம்பி சொன்ன இருபத்திரண்டு வயதுப் பையன்களில் பலர் அங்கே இல்லை, பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பணம் வைக்கும் ஆப்ஷன் டிரேடிங்கில் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். சராசரி நஷ்டம் தலைக்கு ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். அதில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பங்கு ஒரே வருஷத்தில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியது. இதை நம்பிக்கை என்றா சொல்வீர்கள்? மாதச் சம்பளத்தை வைத்து இந்த ஜென்மத்தில் வீடு கட்ட முடியாது என்று முடிவு செய்துவிட்டவன்தான் ஒரே நாளில் பணம் இரட்டிப்பாகும் இடத்துக்கு ஓடுகிறான்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. மாதம் நூற்றுக்கு ஆறு, எட்டு, பத்து என்று வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனம் 2022-ல் காட்பாடியில் போலீஸ் சோதனைக்கு ஆளானது நினைவிருக்கிறதா? நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள், நிலத்தை விற்றுக் கட்டியவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று அன்று எல்லோரும் திட்டினோம். எனக்கு அதில் பேராசையைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. பெண்ணுக்கு நகை சேர்க்க வேண்டும். 2015 வாக்கில் ஒரு சவரன் சுமார் 20,000 ரூபாய். 2025 முடிவதற்குள் 90,000-ஐயும் தாண்டிப் போய்விட்டது. இந்தப் பத்து வருஷத்தில் ஷூ கம்பெனிச் சம்பளம் நான்கரை மடங்கு ஏறியதா? சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. கம்பெனிகள் புதிதாகச் சேரும் சாதாரண என்ஜினீயருக்குக் கொடுக்கும் மூன்றரை லட்சம் அந்த மூன்றரை லட்சத்திலேயே வருஷக்கணக்காக நிற்கிறதே, அது ஏறியதா? கோடி ரூபாய்ச் சம்பளம் வாங்கிய ஒரு மாணவரின் படம் பேப்பரில் வருகிறது. அந்தப் பேப்பரைப் படிக்கிற ஆயிரம் வீடுகளில் பையன் தலை குனிந்துகொள்கிறான்.

சுயதொழில் செய்யலாமே, டெலிவரி வண்டி ஓட்டலாமே என்று எதிரணியில் அடுத்து பேசப்போகிறவர் சொல்லக்கூடும். செய்கிறார்கள். வண்டிக்கு டியூ, பெட்ரோல், விழுந்தால் சொந்தச் செலவு. 2023 டிசம்பரில் அவர்களுக்கென்று ஒரு நலவாரியம் அமைத்தது நம் அரசு. நலவாரியம் தேவைப்பட்டது என்பதிலேயே அந்த வேலையின் நிலை தெரிகிறது.

நடுவர் ஐயா, கவலை என்று சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று எதிரணியினர் எடுத்துக்கொள்கிறார்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுள்ளவர் செயல் என்று நம் பெரியவர்கள் சொல்லித்தானே வளர்த்தார்கள்? என் மாணவர்கள் கவலையோடுதான் விடியற்காலை பஸ் ஏறுகிறார்கள், கவலையோடுதான் இரவு பத்து மணிக்கு வந்து குரூப் 4 புத்தகத்தைத் திறக்கிறார்கள். அவர்களைப் பார்த்து உனக்கு நம்பிக்கை போதாது என்று சொன்னால், கம்பெனியும் அரசும் செய்ய வேண்டியதை எல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறோம். தைரியமாக இரு தம்பி என்று தோளில் தட்டுவது சுலபம். அவன் கேட்பது தோளில் ஒரு தட்டு அல்ல, கையில் ஒரு வேலை உத்தரவு.

அதையாவது நாம் செய்யலாம். 2025 நவம்பர் 21-லிருந்து நாட்டில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதில் எனக்கு உடன்படாத விஷயங்களும் உண்டு. ஆனால் வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கம்பெனி நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் தொழிலாளிக்கு ஒரு வருஷம் முடிந்தாலே கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை உண்டு என்று இருக்கிறது. முன்பு ஐந்து வருஷம் வேண்டும். இதைச் சபையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் தெரிந்துகொள்ளுங்கள். கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று செல்போனிலேயே பாருங்கள். வேலை மாறினால் பணத்தை எடுக்காமல் கணக்கை மாற்றுங்கள், முடிந்தவரை.

இந்த விழாவுக்கு நன்கொடை கொடுத்திருக்கும் தொழிலதிபர்கள் முதல் வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்தப் பிள்ளைகள் உங்களுக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள். இந்த வருஷம் உங்கள் கம்பெனியில் பயிற்சி முடிக்கிறவர்களில் கொஞ்சம் பேரையாவது உங்கள் சொந்தப் பட்டியலில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பொங்கலுக்கு இதே தலைப்பை வைத்தால் நான் எதிரணியில் பேசத் தயார். இந்தப் பொங்கலுக்கு என் மாணவர்களின் சார்பில் நான் கேட்பது, கவலையே என்ற தீர்ப்பைத்தான். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.